கண்டி வீதியில் ஒரு சிறு கதவு

யாழ்ப்பாணத்தில் நிற்பவனுக்கு அது கண்டி வீதி. கண்டியில் நிற்பவனுக்கு அதுவே யாழ்ப்பாணத்துக்குப் போகும் வீதி. அரசாங்கத்தார் அதற்கு இட்ட பெயர் ஏ 9. அதன் நீளம் 321 கிலோமீற்றர். மலைநாட்டின் குளிர்ந்த தலைநகரில் தொடங்கி, வறண்ட வலயத்தின் குளங்களையும் வன்னியின் காடுகளையும் கடந்து, உப்புக் காற்று வீசும் குடாநாட்டில் போய் முடிகின்ற இவ்வீதியைப் போல இத்தனை விதமான நிலங்களை ஒரே நாளிற் காட்டும் வீதி இலங்கையில் வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

வீதி என்பது போவதற்கும் வருவதற்கும் உரியது. ஆனால் இவ்வீதியோ பல ஆண்டுகள் பூட்டிய கதவு போலக் கிடந்தது. 1990-களில் பெரும்பாலும் இதன் வழியே யாழ்ப்பாணம் செல்ல இயலாதிருந்தது. 2002-ஆம் ஆண்டிலே போர்நிறுத்தத்தின்பின் திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009-இல் போர் ஓய்ந்த பின்னரே மறுபடியும் திறக்கலாயிற்று. ஆகவே எங்கள் தலைமுறையினர் இவ்வீதியிற் பிரயாணஞ் செய்யும்போது, சக்கரம் சுழல்வதையே ஒரு பாக்கியமாகக் கருதும் இயல்பினர். இளைஞர்களுக்கு இது விளங்காது; விளங்காதிருப்பதே நன்று.

இக்கட்டுரையில் நான் சொல்ல எடுத்துக்கொண்டது பெருங் கதவுகளைப் பற்றியதன்று. மோட்டார் வண்டியின் பின்பக்கத்திலே, உள்ளங்கையளவு அகலமுள்ள ஒரு தகரக் கதவைப் பற்றியது. பெற்றோல் ஊற்றும் வாயை மறைத்து நிற்கும் அச்சிறு கதவு, திறக்க வேண்டிய வேளையிலே திறக்க மறுத்தால் எத்தனை பேருடைய நாளை நிறுத்தி வைக்கும் என்பதை 2022-ஆம் ஆண்டு வவுனியாவிற் கண்டேன்.

மாத்தளை முதல் மதவாச்சி வரை

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், கல்லூரி அலுவலாகக் கண்டிக்குச் சென்றிருந்தேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் நடந்துகொண்டிருந்த காலம். என் பெரியம்மா பேராதனைக்கு அருகே தம் மகனுடன் வசிப்பவர், எண்பத்திரண்டு வயது. "இந்த முறை ஒருக்காத் தேர் பாத்திட்டனெண்டால் எனக்குப் போதும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை அண்ணர் தட்ட இயலவில்லை. அண்ணர் வண்டியை ஓட்ட, பெரியம்மாவும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்கும் அண்ணரின் மகளும் பின்னே அமர, நான் முன்னாசனத்தில் இடம் பெற்றேன். தேருக்கு முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம்.

அந்த நாட்களிற் பிரயாணம் என்பது எளிய விஷயமன்று என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நியச் செலாவணி இன்மையால் நாடு திணறிய ஆண்டு அது. ஏப்பிரல் மாதத்தில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. பெற்றோலுக்காகப் பகலும் இரவும் மக்கள் வரிசையிற் கிடந்தனர். பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தது. மோட்டார் வண்டி ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று பங்கு வகுத்தனர். கைத்தொலைபேசியிற் காட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை ஊழியர் தமது தொலைபேசியாற் படித்து, பங்கில் மீதி உண்டோ என்று பார்த்தே பெற்றோல் ஊற்றுவர். 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. ஆயினும் அது இருந்த காலத்தில் பங்கு இருந்தாற் போதாது. நிலையத்திலே பெற்றோலும் இருக்க வேண்டும். நாங்கள் புறப்பட்ட போது கண்டியில் நாடிய நிலையத்தில் அது தீர்ந்திருந்தது. தாங்கியில் மூன்றிலொரு பங்கு இருந்தது. வவுனியா வரை அது போதும். அங்கே கிழமைப் பங்கை எடுத்துக்கொண்டு மேலே செல்லலாம் என்பது அண்ணரின் கணக்கு.

கட்டுகஸ்தோட்டையிலே மகாவலியைக் கடந்து மாத்தளையை அடைகையில் பொழுது புலர்ந்தது. வீதியோரமாகவே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் இராசகோபுரம் எழுந்து நிற்கின்றது. மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்தம் உழைப்பும் பக்தியும் சேர்ந்து வளர்த்த கோயில் அது. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வரும். பெரியம்மா வண்டியை நிறுத்தச் சொல்லிக் கைகூப்பினார். மாத்தளைக்கு வடக்கே சிறிது தூரத்தில் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் பௌத்தருடைய பாளி வேதநூல்கள் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது இக்குகைகளில் என்பது மரபு. மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் கொக்கோத் தோட்டங்களும் கமுகுகளும் இருபுறமும் நிழல் செய்ய, வீதி மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றது.

நாலந்தாவைக் கடந்ததும் நிலம் மாறுகின்றது. பச்சை வெளிறுகின்றது, காற்றுச் சூடாகின்றது. தம்புள்ளையிலே குன்று ஒன்று யானை படுத்தாற்போலத் தோன்றுகின்றது. அதன் குகைக்கோயில்களை 1991-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. அவ்வூரின் மொத்த மரக்கறிச் சந்தையில் வழக்கமாக லொறிகள் நெருக்கியடித்து நிற்கும்; அன்று அந்நெருக்கம் இல்லை. எண்ணெய் இல்லாத நாட்டிலே கத்தரிக்காயும் பிரயாணஞ் செய்ய இயலாது என்பதை எங்கள் மாணவி அப்போது உரைத்தாள். உண்மைதான்.

கெக்கிராவை, மரதன்கடவலை, மிகிந்தலை. மகிந்த தேரர் தேவநம்பிய தீசனைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் அம்மலை தூரத்தே தெரிந்தது. வழியில் இரண்டு நிலையங்களில் 'பெற்றோல் இல்லை' என்ற பலகை தொங்கியது. மதவாச்சியில் மன்னார் வீதி பிரிகின்ற சந்தியைத் தாண்டியதும், வண்டியின் முகப்பிலே மஞ்சள் விளக்கொன்று எரியத் தொடங்கிற்று. எரிபொருள் குறைந்தது என்பதற்கு அடையாளம் அது. அண்ணர் ஒன்றும் பேசவில்லை. ஈரற்பெரியகுளத்தைக் கடந்து வவுனியாவினுட் புகுந்து, ஒரு நிலையத்தின்முன் நீண்டிருந்த வரிசையைக் கண்டபோதுதான் அவர் முகம் தெளிந்தது. வரிசை இருக்கின்றதெனின் பெற்றோலும் இருக்கின்றது.

வவுனியாவில் நின்ற வண்டி

வரிசையில் ஒன்றே கால் மணி நேரம் நின்றோம். ஊழியர் ஒருவர் நடந்து வந்து எண்ணிப் பார்த்து, இன்னும் ஏறத்தாழ ஐம்பது வண்டிகளுக்கே தாங்கியில் இருப்பு உண்டு என்றும், அடுத்த பவுசர் எப்போது வருமென்று தமக்குத் தெரியாது என்றும் அறிவித்துச் சென்றார். நாங்கள் முப்பதாவது ஆளாக இருந்திருப்போம். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். எங்கள் தாங்கியில் எஞ்சியிருந்ததோ மூன்று லீற்றருக்கு மேலிராது. இங்கே தவறினால் மறுநாட் காலைத் தேர் இல்லை. எண்பத்திரண்டு வயதில் 'அடுத்த வருஷம்' என்ற சொல்லை எவரும் எளிதாகச் சொல்ல மாட்டார்.

எங்கள் முறை வந்தது. கியூ.ஆர். படிக்கப்பட்டது, பங்கு 20 லீற்றர் என்று காட்டிற்று. அண்ணர் தமது ஆசனத்தின் வலப்புறம் தரையோடிருந்த சிறு நெம்பை மேலே இழுத்தார். வழக்கமாக வண்டியின் பின்னே 'டக்' என்றொரு ஓசை கேட்கும். தகரக் கதவு விரலளவு விலகும். அன்று ஓசை இல்லை. மறுபடி இழுத்தார். நெம்பு பிடிமானமின்றி, தளர்ந்த கயிறு போல எழுந்து வந்தது. கதவு அசையவில்லை.

"வண்டியை ஓரம் கட்டுங்க ஐயா. மற்ற ஆட்கள் நிக்கிறாங்க" என்றார் ஊழியர். அவர்மேற் குறை சொல்ல நியாயமில்லை. வெயிலிலே மணிக்கணக்காக நின்ற மனிதர் பின்னே ஒலியெழுப்பத் தொடங்கினர். ஓரம் கட்டினால் முறை போய்விடும். முறை போனால் பெற்றோல் போய்விடும். அண்ணர் வண்டியின் கருவிப் பையிலிருந்து திருகாணிச் செலுத்தியை எடுத்து வந்து கதவின் விளிம்பிலே வைத்தார். அவர் கை நடுங்கிற்று.

அப்போது, எதிர்ப்பக்கத்து வரிசையில் நின்ற முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் ஓடி வந்து அக்கையைப் பிடித்தார். "உடைச்சிடாதீங்க ஐயா. தகரம் வளைஞ்சிட்டா அப்புறம் திறக்கவும் ஏலாது, மூடவும் ஏலாது. ரெண்டு நிமிஷம் பொறுங்க."

எங்களுக்குப் பின்னே நின்ற வண்டியிலிருந்து மதவாச்சிப் பக்கத்துச் சிங்கள அன்பர் ஒருவர் இறங்கி வந்தார். பின்னாசனத்தில் இருந்த பெரியம்மாவைக் கண்டார். ஊழியரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு, எங்களை நோக்கி, "அம்மா இருக்குத்தானே. நான் நிக்கிறேன், அவசரம் இல்லை" என்றார். பம்பியின் மறுபக்கத்தால் மற்ற வண்டிகளை விட ஊழியர் இசைந்தார். ஒலியெழுப்பல் அடங்கிற்று. ஒரு வரிசையின் கோபம் எத்தனை விரைவில் எழுகின்றதோ, அத்தனை விரைவில் ஒரு மனிதரின் சொல்லால் அடங்கவும் செய்கின்றது.

ஒரு கம்பியின் கதை

முச்சக்கர வண்டிச் சாரதிக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும். அவர் வேலை செய்த முறை ஆசிரியனாகிய எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. ஏனெனில் அவர் கையை வைக்குமுன் கேட்டார், கேட்டபின் சிந்தித்தார்.

முதலில் அண்ணரை நெம்பை இழுக்கச் சொல்லி, தாம் கதவின்மேற் செவியை வைத்தார். உள்ளே ஒரு சிறு அசைவும் கேட்கவில்லை. பின்னர், அண்ணர் நெம்பை இழுத்தபடியே இருக்க, தாம் உள்ளங்கையாற் கதவை மெல்ல உள்ளே அழுத்தி விட்டுப் பார்த்தார். தூசியாலோ துருவாலோ ஊசி இறுகியிருந்தால் இவ்வாறு அழுத்தும்போது பாரம் நீங்கி விடுபடுவதுண்டாம். பயனில்லை. மூன்றாவதாக, மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை விளிம்பிற் செலுத்தி நெம்பிப் பார்த்தார். கதவின் பின்னுள்ள வில் தளர்ந்திருந்தால் அதற்கே திறக்குமாம். அதுவும் பலிக்கவில்லை.

"லீவர் சும்மா வருது. அப்ப வில்லில பிழை இல்ல, கம்பியிலதான் பிழை. கம்பி இழுக்காட்டி நாம போய் இழுக்கணும். டிக்கியத் திறங்க" என்றார்.

நேயர்கள், முக்கியமாக மாணவர்கள், இதன் அமைப்பை அறிந்துகொள்வது நன்று. சாரதியின் ஆசனத்தருகேயுள்ள நெம்பிலிருந்து உறையொன்றினுள்ளே ஓர் உருக்குக் கம்பி வண்டியின் தரையோரமாகப் பின்னே செல்கின்றது. துவிச்சக்கர வண்டியின் தடுப்புக் கம்பியைப் போன்றதே அது. அதன் முடிவில், வில்லொன்றால் முன்னே தள்ளப்பட்ட ஓர் ஊசி உண்டு. அவ்வூசி கதவின் உட்புறத்து நாக்கைப் பற்றி நிற்கின்றது. நெம்பை இழுத்தால் கம்பி ஊசியைப் பின்வாங்கச் செய்யும். கதவின் பின்னேயுள்ள தட்டை வில் அதனை வெளியே உதைக்கும். ஆகவே பிழை மூன்று இடங்களில் நேரலாம். ஊசி இறுகலாம், வில் தளரலாம், கம்பி அறவோ நழுவவோ செய்யலாம். முதலிரண்டில் நெம்பு கையிற் பிடிமானமாயிருக்கும். மூன்றாவதில் நெம்பு தளர்ந்து வரும். சில புதிய வண்டிகளில் கம்பிக்குப் பதிலாகச் சிறு மின்மோட்டார் ஊசியை இழுக்கின்றது. கதவுகளின் பூட்டுத் திறந்தாலன்றி அது இயங்காது. அத்தகைய வண்டிகள் பலவற்றில் ஆபத்துக்கு உதவ டிக்கியின் ஓரத்தில் இழுக்கும் நூலொன்றை வைத்திருக்கின்றனர்.

டிக்கியைத் திறந்தோம். பெரியம்மாவின் பெட்டி, நல்லூருக்கென்று கொண்டுவந்த கண்டிப் பூக்கள், ஓர் அரிசிப் பை யாவும் வவுனியா வெயிலிலே தரையில் இறங்கின. இடப்புறத்து உட்போர்வையைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் ஆணிகள் இரண்டைச் சாரதி விரலாற் கழற்றி, போர்வையை விலக்கினார். உள்ளே, தகரத்துக்கும் தகரத்துக்கும் இடையே ஒடுங்கிய ஒரு துவாரம். அதனுள்ளேதான் ஊசியின் பின்புறம். அவருடைய கை உட்செல்லவில்லை. அண்ணருடைய கையோ அதிலும் பெரிது.

"நான் பாக்கட்டா?" என்று மாணவி முன்வந்தாள். வளையல்களைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, துவாரத்தினுள்ளே முழங்கை வரை கையை விட்டாள். சாரதி வெளியே நின்று வழிகாட்டினார். "மேல... இன்னும் மேல. உருண்டையா ஒன்னு தட்டுப்படுதா? அதை வண்டியின் பின்பக்கமா இழுங்க."

'டக்.'

அவ்வோசைக்கு அங்கு நின்றோர் எழுப்பிய ஆரவாரம், காற்பந்துப் போட்டியிலே கடைசி நிமிடத்தில் இலக்கு அடித்தவனுக்குக் கிடைக்கும் ஆரவாரத்திலும் குறைந்ததன்று. சாரதி உடனே தீப்பெட்டியளவு கடதாசி அட்டையை மடித்து ஊசியின் இருப்பிடத்தில் வைத்து, கதவு மீண்டும் பூட்டிக்கொள்ளாதவாறு ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டார். 20 லீற்றர் ஊற்றப்பட்டது. லீற்றர் 450 ரூபாவாக இருந்த காலம். ஒன்பதினாயிரம் ரூபா செலுத்தினோம். பின்னே நின்ற மதவாச்சி அன்பருக்கும் கிடைத்ததைப் பார்த்த பின்னரே புறப்பட்டோம்.

அதற்கு முன் அண்ணர் சாரதியின் கையில் ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றை வைத்தார். அவர் அதை வாங்கவில்லை. "எங்கேயிருந்து வாறீங்க?" என்று கேட்டார். கண்டியிலிருந்து என்றதும், "அப்ப மாத்தளையாலதானே வந்திருப்பீங்க. அம்மன் கோயில் கோபுரம் பார்த்தீங்களா?" என்றார். பார்த்தோம் என்றோம். அவருடைய தகப்பனார் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். 1977-ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அக்காலத்தில் அவ்வாறு வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் அநேகம். "அப்பா சாகும்வரைக்கும் மாசி மகத் தேரைப் பத்தியே சொல்லுவாரு. நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. ரோட்டு மூடிக் கிடந்தப்ப போக ஏலாது, திறந்த பிறகு நேரம் இல்லை" என்று சிரித்தார்.

பின்னாசனத்திலிருந்து பெரியம்மா கண்ணாடியை இறக்கினார். "தம்பி, நாளைக்கு நல்லூரிலை உங்கட அப்பாவையும் நினைச்சுக் கும்பிடுவன்" என்றார். அவர் மறுமொழி சொல்லாமல் தலையசைத்துத் தம் வண்டியை நோக்கி நடந்தார்.

முறிகண்டியும் அப்பாலும்

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு சில இடங்களிலே வீதிக்குக் கிட்டவும் சில இடங்களிலே எட்டவும் நிற்கின்றது. எட்ட நிற்கும் இடங்கள் போரின்போது வெட்டப்பட்டவை. புதிய பற்றைகள் அங்கே தலைதூக்குகின்றன.

முறிகண்டியில் நிற்காது போகும் வண்டியில்லை. சிறிய கோயில், பெரிய நம்பிக்கை. வீதியிற் செல்வோரைக் காக்கும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டோம். "பிள்ளையார் உந்தச் சின்னக் கதவிலையும் ஒரு கண் வைச்சிருந்தவர்" என்றார் பெரியம்மா. பேத்தி, "அப்பம்மா, அது என்ர கை" என்றாள். இருவர் சொன்னதும் எனக்கு உடன்பாடே.

கிளிநொச்சியிலே கனகராயன் ஆற்றைத் தேக்கும் இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் வயல்கள். பரந்தனைக் கடந்ததும் மரங்கள் பின்வாங்கி வானம் விரிகின்றது. ஆனையிறவு. இருபுறமும் ஏரி, நடுவே ஒரு கோடு போல வீதியும் அதனருகே புகையிரதப் பாதையும். 2014 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் திரும்பி வந்தபோது இவ்விடத்தில் நின்று கையசைத்தவர் பலர். முன்னொரு காலத்தில் வன்னி யானைகளைக் குடாநாட்டுக்கு ஓட்டிச் சென்ற துறை இது என்பதைப் பெயரே சொல்கின்றது.

பளை, கொடிகாமம், சாவகச்சேரி. பனைகள் தோன்றியதும் பெரியம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். நாவற்குழிப் பாலத்தையும் செம்மணியையும் கடந்தபோது அவர் வெளியே பார்த்தபடி, "இதாலைதான் நடந்தனாங்கள்" என்று மட்டும் சொன்னார். 1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்த வீதி அது. ஓரடி எடுத்து வைக்க ஒரு நாழிகை சென்றதாகச் சொல்வார்கள். பேத்தி அவர் கையைப் பற்றிக்கொண்டாள். வண்டி சில நிமிடங்களில் அவ்விடத்தைக் கடந்துவிட்டது.

தேரும் அதன் பின்னும்

மறுநாட் காலை நல்லூரிலே, வேட்டியும் சேலையுமாகத் திரண்ட சனசமுத்திரத்தின் நடுவே, ஒரு மரநிழலில் நாற்காலியிட்டுப் பெரியம்மாவை இருத்தினோம். "அரோகரா" என்ற ஒலி எழ, ஆறுமுகப் பெருமானின் தேர் அசைந்து திரும்பி அவர் முன்னே வந்தபோது, கைகளைத் தலைமேற் குவித்தார். பக்கத்தில் நின்ற எனக்கு இரண்டு பெயர்கள் கேட்டன. ஒன்று என் பெரியப்பாவுடையது. மற்றையது பெயரன்று, "அந்த மாத்தளைப் பொடியன்ர தேப்பன்" என்பது.

பிற்பகல் வண்டியை வேலைத்தளமொன்றுக்குக் கொண்டு சென்றோம். அதன் உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். ஆசனத்தின் கீழிருந்த விரிப்பை விலக்கிக் கம்பியை உருவி எங்கள்முன் வைத்தார். அதன் இழைகள் பாதி துருவேறி, உறையைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கொளுவி உடைந்திருந்தது. உறை அசையாது நின்றாற்றான் உள்ளேயுள்ள கம்பி இழுபடும். உறையே சேர்ந்து அசைந்தால் இழுத்த இழுவை ஊசியைச் சென்று சேராது. "ஒரு மாசமாவது முந்தியே இறுகத் தொடங்கியிருக்கும். வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும்" என்றார். அண்ணர் தலையைச் சொறிந்தார். இரண்டு மூன்று முறை இழுத்தே திறந்து வந்ததாக அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

வேலை நடக்கையில் அப்பெரியவர் பழங்கதை சொன்னார். 1990-க்குப்பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த கைகளில் அவருடையவையும் சேரும். சிறு போத்தலிலிருந்து பெற்றோல் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்புவார்களாம். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். வீதியெங்கும் வெண்புகை. "அந்த வண்டியளுக்கு மூடி வெளியிலைதான். கதவுமில்லை, கம்பியுமில்லை. திறக்கிறது கஷ்டமில்லை, ஊத்த ஒண்டுமில்லை, அதுதான் கஷ்டம்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் நகைத்தோம். மாணவி மட்டும், இக்காலத்து ஊசிமுறை இயந்திரம் மண்ணெண்ணெயில் ஏன் அவ்வாறு ஓடாது என்று கேட்டு, அரை மணி நேரம் பாடம் கற்றாள்.

தூரப் பிரயாணஞ் செய்யும் குடும்பத்தாருக்கு அவர் கூறிய அறிவுரைகளை இங்கே தருகின்றேன். புறப்படுமுன் அக்கதவை ஒருமுறை திறந்து பாருங்கள். கீலிலும் ஊசியிலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்றுள்ள ஊராயின் இருமுறை. உங்கள் வண்டியின் டிக்கியில் இழுநூல் உண்டோ என்பதை ஆறுதலான வேளையிலே தேடி அறிந்துகொள்ளுங்கள். திறக்கவில்லையாயின், ஒருவர் நெம்பை இழுக்க மற்றவர் கதவருகே நின்று செவிமடுங்கள். சுத்தியலையும் பெரிய திருகாணிச் செலுத்தியையும் தூர வையுங்கள். பொறி பறக்கும் கருவி எதையும், நெருப்பையும், புகைச்சுருட்டையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து சென்று நெருப்பைத் தேடும்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் கல்லூரி அலுவலாகக் கண்டிக்குச் செல்ல நேர்ந்தது. திரும்பி வரும்போது பேருந்திலிருந்து மாத்தளையில் இறங்கி, முத்துமாரியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்வித்து, திருநீறும் குங்குமமும் வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடித்தேன். வவுனியாவிலே முச்சக்கர வண்டிகள் நிற்கும் இரண்டு இடங்களில் விசாரித்த பின் அவரைக் கண்டேன். பொட்டலத்தைக் கையிற் கொடுத்து, எங்கிருந்து வருகின்றது என்பதைச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதனை வாங்கினார். நெற்றியிலிட்டார். மீதியைப் பத்திரமாக மடித்து, "அம்மாக்கிட்டக் குடுக்கணும்" என்று சட்டைப் பையில் வைத்தார்.

எதுவும் பேசாது சற்று நேரம் நின்றோம். பின்னர் அவர் கேட்டார்: "அந்தக் கதவு இப்ப ஒழுங்காத் திறக்குதா ஐயா?"

திறக்கின்றது என்றேன்.